ஞானாபரணம் கண்டது

நாவல்மலை உச்சியில் ஒரு வானாய்வுக்கூடம் இருந்தது. அங்கே ஒரு குரு, ஒரு சீடர். குருவுக்கு வயது ஐம்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தேழு. இதென்ன கூத்து என்று கேட்கவேண்டாம், அப்படித்தான் அமைந்தது.

குருவின் பெயர் நீலமேகம். சீடர் இசக்கியம்மாள். அவள் அங்கே தட்டச்சு செய்ய வந்தவள். முப்பத்தைந்தாவது வயதில் ஒருநாள் காகிதக் கட்டோடு அவர் அறைக்குள் போனாள். அவர் ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“இதுல என்ன சார் தெரியுது?”

“நீங்களே பாருங்கக்கா” என்று நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார்.

அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அந்த நாற்காலிக்கு இரண்டு தடவை பிரம்பு மாற்றியாகிவிட்டது.

அப்போதெல்லாம் வானத்தைக் கண்ணாடித் தகட்டில்தான் படம் பிடிப்பார்கள். தகட்டில் வெளிச்சமெல்லாம் கறுப்பாக விழும். அதை விளக்குப் பலகையில் வைத்து, பூதக்கண்ணாடியால் விரற்கடை விரற்கடையாகத் துழாவ வேண்டும். கூர்மையான புள்ளி என்றால் நட்சத்திரம். புகைந்த மாதிரி இருந்தால் தூரத்து நட்சத்திர மண்டலம். ஒரே ஒரு தகட்டில் மட்டும் தெரிந்தால் அது தூசி. இரண்டு தகட்டிலும் ஒரே இடத்தில் தெரிந்தால்தான் பட்டியலில் ஏறும்.

இப்படித் துழாவி எடுத்த மங்கலான மண்டலங்கள் ஆயிரத்து இருநூற்று ஆறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. இருக்கும் இடம், வடிவம், வெளிச்சம், முதலில் கண்டவர் பெயர், கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அடுத்த மாதம் இசக்கியம்மாளுக்கு ஓய்வு. அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. கண் அலுத்து, கழுத்து அலுத்து, கடைசியில் வானமே அலுத்துவிட்டது.

பட்டியலுக்குப் பின்னால் ஒரு பின்னிணைப்பு உண்டு. அதற்குத் தலைப்பு ‘இல்லாதவை’. பழைய ஆட்கள் பார்த்ததாக எழுதிவைத்து, பின்னால் வந்தவர்கள் தேடி, ஒன்றும் இல்லாமல் போனவை பதினான்கு. அதில் முதல் வரி ஞானாபரணத்தினுடையது.

ஞானாபரணம் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே உதவியாளராக இருந்தவர். தொலைநோக்கியில் கண்ணை வைத்து, பார்த்ததை நோட்டில் எழுதிவைப்பது அவர் வேலை. மொத்தம் நாற்பத்தொரு மண்டலம் எழுதிவைத்தார். நாற்பது இருந்தது. ஒன்று இல்லை.

அந்த ஒன்றினால் மனிதருக்கு மலையில் ஒரு பெயர் நிலைத்துவிட்டது. யாராவது பேனாவைக் காணோம் என்று தேடினால், “ஞானாபரணம் பார்த்திருப்பார்” என்பார்கள். சாப்பாட்டில் கறித்துண்டு தட்டுப்படவில்லையா, “ஞானாபரணத்தைக் கேளு” என்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் தொலைநோக்கியைக் காட்டுவார்கள், அடுத்து இந்த வேடிக்கையைச் சொல்லிக் கொடுப்பார்கள். இசக்கியம்மாளும் சொல்லியிருக்கிறாள். ஒருதரம் ரெண்டுதரம் இல்லை.

இனி அவளுடைய மண்டலத்துக்கு வருவோம்.

ஆயிரத்து இருநூற்று ஆறில் பெரும்பாலானவை யாரோ என்றைக்கோ கண்டவை. எண்ணூற்று எழுபத்தேழாம் எண்ணுள்ளது மட்டும் அவள் கண்டது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு சின்ன மங்கல். இரண்டு தகட்டிலும் இருந்தது. நடுவில் பருத்து, ஓரத்தில் மெலிந்து, ஆப்பத்தைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரி. லென்ஸ் வடிவம் என்பார்கள் அதை. சுருள் கிடையாது, கைகள் கிடையாது. புதிதாக நட்சத்திரம் பிறப்பது நின்றுபோன மண்டலம். உள்ளே இருப்பதெல்லாம் பழைய நட்சத்திரங்கள், எரிகிறவரைக்கும் எரிந்துகொண்டிருப்பவை. அவளுக்கு அதைப் பிடித்துப்போனது. நம்ம சாதி என்று நினைத்துக்கொண்டாள்.

‘முதலில் கண்டவர்: ம. இசக்கியம்மாள்.’

உள்ளூர்ப் பத்திரிகையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு செய்தி வந்தது. அவள் கணவர் தளவாய், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அதை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார். டீக்கடையில் போய், “நம்ம வீட்டம்மா பேர்ல மேல ஒண்ணு இருக்கு” என்று சொன்னார். நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

புதன்கிழமை மத்தியானம் இசக்கியம்மாள் பின்னிணைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வரியில் ஞானாபரணத்தின் நோட்டுப் பக்க எண் விட்டுப்போயிருந்தது. அதைக் குறிக்கத்தான் அலமாரியிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தாள், வேறெதற்கும் இல்லை.

பக்கம் கிடைத்தது. இன்ன எண்ணுள்ள நட்சத்திரத்திலிருந்து கிழக்கே பதினொன்று, வடக்கே நாலு. மிக மங்கல். சிறியது. சற்றே நீளம். நடுவில் வெளிச்சம். ஓரத்தில் பென்சிலால் தமிழில் இரண்டே சொல் இருந்தது. ‘கண் எரிகிறது.’

அந்தக் காலத்தில் அப்படித்தான் அளப்பார்கள். வானத்தில் தெருப்பெயரா எழுதியிருக்கிறது? தெரிந்த ஒரு நட்சத்திரத்தை வைத்து, அதிலிருந்து இந்தப் பக்கம் இத்தனை, அந்தப் பக்கம் இத்தனை என்று எழுதுவார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து வழி சொல்கிற மாதிரி.

வானத்தின் அந்தப் பகுதியைப் பிடித்த தகட்டை அவளுக்கு உள்ளங்கை மாதிரித் தெரியும். ஏனென்றால் எண்ணூற்று எழுபத்தேழு இருக்கிற தகடும் அதுதான். ஞானாபரணம் எழுதிய நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அதே பருமனில், அதே வெளிச்சத்தில் இன்னொரு நட்சத்திரம் இருந்தது. இரட்டைப் பிள்ளை மாதிரி.

அவள் கை சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அளவுகோலை எடுத்து அந்த இன்னொரு நட்சத்திரத்தில் வைத்தாள். கிழக்கே பதினொன்று. வடக்கே நாலு.

கோலின் நுனி எண்ணூற்று எழுபத்தேழின் மேல் போய் நின்றது.

மறுபடி வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தடவையும் வைத்தாள். அதே ஆப்பம்.

மனிதர் பார்த்தது உண்மை. அளந்ததும் சரி. நட்சத்திரத்தின் எண்ணை எழுதும்போதுதான் பக்கத்திலிருந்த இன்னொன்றின் எண்ணை எழுதிவிட்டார். பிறகு வந்தவர்கள் தப்பான பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து, ஊரே இல்லை என்று திரும்பிவிட்டார்கள்.

இசக்கியம்மாள் நோட்டை மூடினாள். யாருக்கும் தெரியாது, இனியும் தெரியப்போவதில்லை என்று முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதே என்று அடுத்து வருத்தமாக இருந்தது. தொண்ணூறு வருஷமாக யாரும் இந்த நோட்டைத் திறந்து கோல் வைத்துப் பார்க்கவில்லை. பக்க எண் விட்டுப்போகாவிட்டால் அவளும் பார்த்திருக்கமாட்டாள். அச்சுக்குப் போய்விட்டால் அவளுக்கும் ஓய்வு. அவளோடு முடிந்தது.

எழுந்து நீலமேகத்தின் அறைக்குப் போனாள். அவர் கறுப்புக் காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

“சார், ஒரு சந்தேகம்.”

“கேளுங்கக்கா.”

“யாருக்கும் தெரியாத ஒரு தப்பைத் திருத்தாம விட்டா என்ன ஆகும்?”

“யாருக்கும் தெரியாது.”

“அம்புட்டுதானா?”

“அவ்வளவுதான்.”

வாசல்வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள்.

“எனக்குத் தெரியும்லா சார்.”

அவர் கண்ணைத் திறந்தார். “அப்புறம் ஏன் யாருக்கும் தெரியாத தப்புன்னு சொன்னீங்க?”

அவள் போய்த் தகட்டையும் நோட்டையும் கோலையும் கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள். எதை எங்கே வைக்கவேண்டும் என்று விரலால் காட்டினாள்.

நீலமேகம் கோலை வைத்தார். பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். காப்பி ஆறிப்போனது. பிறகு எழுந்து, ஸ்டூலைப் போட்டு, அலமாரி மேல்தட்டிலிருந்து தடித்த ஒரு பேரேட்டை இறக்கினார். தும்மினார். பக்கத்தைப் புரட்டி அவள் முன்னால் வைத்தார்.

ஞானாபரணத்தின் நாற்பத்தொன்றும் அங்கே வரிசையாக இருந்தன. நாற்பதுக்கு எதிரே ‘உண்டு’. கடைசிக்கு எதிரே ‘இல்லை’. அவள் இதுவரை தட்டச்சு செய்த பிரதியைத்தான் பார்த்திருந்தாள், மூலத்தைப் பார்த்ததில்லை. கையெழுத்து அவளுக்குத் தெரிந்ததாக இருந்தது.

“இது நீங்க எழுதுனதா சார்?”

“வேலைக்குச் சேர்ந்த வாரம். இருபத்து மூணு வயசு. பழைய பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லி மூணு ராத்திரி கொடுத்தாங்க. நாற்பது முடிஞ்சப்ப விடியப்போகுது. குளிர் வேற. அவர் சொன்ன இடத்துல தொலைநோக்கியை வச்சேன். இல்லை. அக்கம்பக்கம் தேடியிருக்கணும். நாலு நிமிஷம் பார்த்தேன். எழுதிட்டுப் போய்ப் படுத்துட்டேன்.”

அவள் ‘இல்லை’ என்ற அந்தச் சொல்லை மறுபடி படித்தாள்.

“மறுநாள் மெஸ்ஸுல ஒருத்தர் பேனாவைத் தேடினார். ஞானாபரணம் பார்த்திருப்பார்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. புதுப் பையன் கெட்டிக்காரன்னு பேர் கிடைச்சது.”

“அதை ஆரம்பிச்சது நீங்களா?”

“நான்தான்.”

அவருக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. இசக்கியம்மாளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இருபத்து மூன்று வயதுப் பையன்மேல் வந்தது, எண்ணை மாற்றி எழுதிவிட்டுச் செத்துப்போன மனிதர்மேல் வந்தது, அந்தச் சிரிப்பில் கூடச் சிரித்த தன்மேலும் வந்தது.

“நானும் சொல்லியிருக்கேன் சார். நேத்துகூட, சாவியத் தேடும்போது.”

“தெரியும். கேட்டுச்சு.”

“இப்ப என்ன எழுதட்டும்?”

நீலமேகம் ஞானாபரணத்தின் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பென்சில் குறிப்பின்மேல் விரலை வைத்தார்.

“இவர் கண் எரிய எழுதினார். நான் தூக்கக் கலக்கத்துல எழுதினேன்.” அவளை நிமிர்ந்து பார்த்தார். “உங்க கண்ணும் சிவந்திருக்கு. அஞ்சேகால் பஸ் வந்துடும். போய்த் தூங்கிட்டு வாங்க.”

“என்ன எழுதன்னு கேட்டேன் சார்.”

“அதுக்குத்தான் பதில் சொன்னேன்.”

வீட்டில் தளவாய் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

“ஏளா, மூஞ்சி ஏன் வாடிக் கெடக்கு?”

சொல்லாமல் படுத்துவிடலாம் என்றுதான் வந்தாள். அவர் கேட்டவிதத்தில் சொல்லிவிட்டாள். நட்சத்திரம், கோல், நோட்டு எல்லாம் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார். காலண்டருக்குப் பக்கத்துச் சட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

“அப்ப டீக்கடைல என்ன சொல்ல?”

“ஒண்ணும் சொல்லாண்டாம்.”

“கேப்பானுவளே.”

அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். ராத்திரி சாப்பிடும்போது இரண்டு பேரும் புளிக்குழம்பைப் பற்றி மட்டும் பேசினார்கள். படுத்த பிறகு, இருட்டில், “அந்த ஆளுக்குப் புள்ளகுட்டி உண்டா?” என்று கேட்டார்.

“யாருக்கு?”

“நோட்டுல எழுதுனவருக்கு.”

“தெரியல.”

“இருந்தா சந்தோசப்படுவாவ” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். அவள் நினைத்ததைவிட நன்றாகத் தூங்கினாள்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலையேறினாள். பட்டியல் அவள் மேஜையில் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பேனா. நீலமேகம் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். எழுதச் சொல்லவில்லை. எழுதவேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவள் உட்கார்ந்தாள். முதலில் பின்னிணைப்பைத் திருப்பி, முதல் வரியைக் கோடு வைத்து அடித்தாள். அது சுலபமாக இருந்தது. பிறகு எண்ணூற்று எழுபத்தேழுக்கு வந்தாள். ‘ம. இசக்கியம்மாள்’ என்று அவளே தட்டச்சு செய்திருந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் தன் பெயரை அந்தப் பட்டியலில் தட்டிய ஒரே தடவை அது. பேனா ஒரு நிமிஷம் காற்றிலேயே நின்றது. பிறகு அடித்தாள். மேலே ‘ஞானாபரணம்’ என்று எழுதினாள். முதலெழுத்து என்னவென்று நோட்டின் அட்டையைப் பார்த்து அதையும் சேர்த்துக்கொண்டாள்.

அப்போதுதான் குறிப்புக் கட்டத்தைக் கவனித்தாள். அவள் வருமுன்பே அங்கே நீலமேகம் மையால் எழுதியிருந்தார். ‘இல்லை எனத் தவறாகப் பதிந்தவர் நீலமேகம்.’

“இது எதுக்கு சார்? அச்சுல போகும். ஊர் உலகமெல்லாம் பாக்கும்.”

“கட்டம் காலியா இருந்துச்சு.”

“நான் அடிக்காம விட்டிருந்தா?”

“அப்பவும் நான் எழுதினது சரிதானே.”

அவள் பேனாவை மூடினாள். வரியை மறுபடி படித்தாள். கண்டவர் பெயர் இருந்தது, தவறு செய்தவர் பெயரும் இருந்தது. ஒரு வரியில் அதற்குமேல் இடமில்லை. கேட்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஐம்பத்தேழு வயதில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதா என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

“அப்ப இதுல நான் எங்க சார்?”

நீலமேகம் “டீ குடிக்கலாம் வாங்க” என்றார்.

மெஸ்ஸில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சமையல்காரர் சங்கிலி, பண்டக அறைச் சாவியைக் காணாமல் அரிசி டின் பின்னாலும் அடுப்பு மேடைக்கு அடியிலும் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சாவி வாரத்துக்கு மூன்று முறை தொலையும்.

“யாராவது பாத்தீங்களாப்பா?”

தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார். “ஞானாபரணம் பார்த்திருப்பார்.”

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கமாகச் சிரிக்கிற சிரிப்புத்தான். இசக்கியம்மாள் டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

நீலமேகம் டீயைக் கீழே வைத்தார்.

“ஞானாபரணம் பார்த்திருந்தா அது இருக்கு” என்றார். “எங்கேன்னு அக்காவைக் கேளுங்க.”